கையைத் தூக்காதவர்கள்

தி.நகரில் சுயம்புலிங்கம் அண்ணாச்சியின் ஜவுளிக்கடையில் இரண்டாம் மாடி ஏறினால் ஃபேன்சி சேலைப் பிரிவில் ஜொவிட்டாவைப் பார்க்கலாம். நாற்பதைத் தாண்டிய வயது, அரக்கு நிற யூனிஃபார்ம் சேலை, மூக்கு நுனிவரை இறங்கி வந்து நிற்கும் கண்ணாடி. யாராவது ஒரு சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்று, "நல்லா இருக்கா?" என்று கேட்டால், "உங்களுக்கு எடுக்கலங்க, வேற பாருங்க" என்று பட்டென்று சொல்லிவிடுவார்! விற்க வந்த இடத்தில் இப்படி ஒரு வாய். ஆனால் அந்த வாய்க்காகவே மறுபடி தேடி வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

அவர் சாந்தோம் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். அம்மா டீச்சர், சித்தி டீச்சர், பெரியப்பா ஹெட்மாஸ்டர். ஜொவிட்டாவும் கொஞ்ச காலம் கணக்கு டீச்சராக இருந்தார். பிறகு வால்டரைக் கல்யாணம் செய்துகொண்டார். வால்டர் எலக்ட்ரீஷியன்; கோயில் திருவிழாவுக்குச் சீரியல் பல்பு கட்டுகிறவர்; ஏணி மேலே நின்றுகொண்டு கீழே இருப்பவர்களைக் கிண்டல் செய்யும் ரகம். முதல் குழந்தை பிறந்த அன்றே போய்விட்டது. சொந்தக்காரர்கள் வந்தார்கள், "எல்லாம் அவர் சித்தம்" என்றார்கள், காப்பி குடித்தார்கள், போனார்கள். போகாமல் வால்டர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது ஒளிவாசல் ஆட்கள் மட்டும்தான்.

ஒளிவாசல் என்பது எல்லா மதத்திலிருந்தும் ஆள் சேர்ந்த ஒரு சின்னக் கூட்டம். டாக்டர் வேண்டாம், கோர்ட் வேண்டாம், சர்க்கார் வேண்டாம் என்பார்கள். எல்லாவற்றுக்கும் மேல் ஒரு விதி உண்டு. இரண்டு கையும் ஒன்றாக மேலே போனால் அது இறைவன் முன்னால் மட்டும்தான். மனிதன் முன்னால் அப்படித் தூக்கினால் ஆன்மாவையே எடுத்துக் கொடுத்துவிட்டதாக அர்த்தம். பஸ்ஸில் கம்பியைக்கூட ஒரு கையால்தான் பிடிப்பார்கள்!

வால்டரும் ஜொவிட்டாவும் அதில் சேர்ந்து, திருப்போரூரைத் தாண்டி ஒரு தென்னந்தோப்பில் அவர்களோடு வாழ்ந்தார்கள். ஊரில் காணாமல் போன பிள்ளைகள் அங்கே இருப்பதாகப் புகார் போக, போலீஸ் வந்தது. உள்ளே இருந்தவர்கள் கதவை அடைத்தார்கள். உள்ளிருந்து எவனோ எறிந்த மண்ணெண்ணெய்ப் பாட்டிலில் ஒரு கான்ஸ்டபிள் தீப்பிடித்து இறந்துபோனார். மறுநாள் காலையில் வால்டர் கதவைத் திறந்துகொண்டு தனியாக வெளியே போனார். ஒலிபெருக்கியில் கையைத் தூக்கச் சொன்னார்கள். அவர் தூக்கவில்லை. சுட்டார்கள்.

அடுத்து வாசலுக்கு வந்தவர் ஜொவிட்டா. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு நடந்தார். பிழைத்தார்.

ஜெயில், வழக்கு, விடுதலை எல்லாம் ஆன பிறகு எந்தப் பள்ளிக்கூடமும் அவரைச் சேர்க்கவில்லை. அண்ணாச்சிதான் சேர்த்தார். பேப்பரில் வந்த போட்டோவை யாரோ காட்டியபோது, "அந்தப் பிள்ளை செயில்ல இருந்துச்சுன்னா இருந்துட்டுப் போகுது. எங்கிட்ட சேல விக்கத்தான வந்திருக்கு?" என்று கேட்டுவிட்டு ஃபோனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாராம். மந்தைவெளியில் ஒற்றை அறை வீடு, ஞாயிற்றுக்கிழமை பூசையில் கடைசி பெஞ்சு, மற்ற நாளெல்லாம் கடை. அப்படியே ஓடிப்போயின வருஷங்கள்.

ஷண்முகப்ரியா அந்தக் கவுண்டருக்கு வந்தது போன தீபாவளி சமயத்தில். தென்காசிப் பக்கத்துப் பெண். அம்மா அப்போதுதான் இறந்திருந்தாள். கடை ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். சிரிக்க ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. ஜொவிட்டாவை "யக்கா" என்று அவள் கூப்பிடும்போது அந்த மாடியே திரும்பிப் பார்க்கும்.

தி.நகர்க் கடைகளில் வேலை முடிந்து போகும்போது ஒரு பழக்கம் உண்டு. பெண்கள் எல்லோரும் பின்வாசலில் வரிசையாக நிற்க வேண்டும். கையைத் தூக்க வேண்டும். செக்யூரிட்டி அக்கா இடுப்பு, முந்தானை எல்லாம் தடவிப் பார்ப்பாள். இந்தக் கடையில் அந்த அக்காவின் பெயர் அஃப்ரா. வாய் நீளம், மனசு அதைவிட நீளம்.

ஒரு சாயங்காலம் ஷண்முகப்ரியா கையைத் தூக்கவில்லை.

"இன்னாடி, தூக்கு. தூக்குனா கை கயண்டுக்குமா?" என்றாள் அஃப்ரா.

"மாட்டேன்க்கா. இப்படியே பாத்துக்கோங்க."

"அய்ய, மகாராணி! பின்னால எவ்ளோ பேர் நிக்கிறாங்கோ பாரு!"

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். ஜொவிட்டா சிரிக்கவில்லை. பஸ் ஸ்டாப்பில் அவளைப் பிடித்து நிறுத்தி, "யாரு பிரியா சொன்னாங்க, கையைத் தூக்கக்கூடாதுன்னு?" என்று கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அம்மா போனப்புறம் அவங்கதான்க்கா என்கூட உக்காந்து அழுதாங்க" என்று மட்டும் சொன்னாள். வால்டர் பக்கத்திலும் அவர்கள் அப்படித்தான் உட்கார்ந்தார்கள்.

மறுநாளும் அவள் தூக்கவில்லை. எதையோ ஒளிக்கிறாள் என்று சூப்பர்வைசர் வேலையை விட்டு நிறுத்தினார். அவள் கோட்டூர்புரத்தில் ஆற்றோரமாக ஒளிவாசல்காரர்கள் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டுக்குப் போய்விட்டாள். ஜொவிட்டா இரண்டு முறை தேடிப் போனார். கேட்டைத் திறக்கவே இல்லை.

இந்த ஆனி மாதக் கடைசியில், ஆடித் தள்ளுபடி போர்டு மாட்டிக்கொண்டிருந்த ஒரு காலை, கடை டிவியில் அந்த வீடு வந்தது. உள்ளே ஒரு வயதான அம்மாள் வைத்தியம் பார்க்காமல் இறந்துவிட்டாள். எழுந்து வருவாள் என்று உடலை வைத்துக்கொண்டு ஜெபம் செய்கிறார்கள். அக்கம்பக்கத்தார் புகார் கொடுத்து, போலீஸ் போனதும் வாசலில் கேஸ் சிலிண்டர்களை அடுக்கிவிட்டார்கள். மொட்டை மாடியிலிருந்து விழுந்த பூந்தொட்டியில் ஒரு எஸ்.ஐ.க்குத் தோள் எலும்பு முறிந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் வராவிட்டால் அதிரடிப்படை உள்ளே போகும் என்று செய்தி வாசித்த பெண் சொன்னாள். ஜன்னலில் ஒரு முகம் தெரிந்து மறைந்தது. ஷண்முகப்ரியா!

ஜொவிட்டா கையிலிருந்த சேலையை அப்படியே போட்டுவிட்டுப் படி இறங்கினார். பின்வாசலில் அஃப்ரா ஸ்கூட்டியை ஸ்டார்ட் செய்துகொண்டிருந்தாள். அவளும் டிவியைப் பார்த்துவிட்டாள்.

"ஏறுக்கா. நான்தானே அவள வரிசைல வச்சுக் கத்தினேன். ஏறு, ஏறு."

கோட்டூர்புரத்தில் அந்தத் தெருவே திருவிழா மாதிரி இருந்தது. எதிர் மாடிகளில் எல்லாம் செல்ஃபோன் பிடித்த கைகள். தடுப்புக்கு இந்தப் பக்கம் ஒருவன் சுண்டல் விற்றுக்கொண்டிருந்தான். ஒலிபெருக்கியில் ஒரே வாசகம் திரும்பத் திரும்ப வந்தது: "எல்லோரும் கைகளைத் தூக்கிக்கொண்டு ஒருவர் பின் ஒருவராக வெளியே வரவும்."

ஜொவிட்டா தடுப்புக்கு அடியில் குனிந்து நுழைந்து, ஒலிபெருக்கி வைத்திருந்த இன்ஸ்பெக்டர் சுரேஷ்குமாரிடம் போய் நின்றார்.

"சார், அதை மட்டும் சொல்லாதீங்க. அதைச் சொல்லச் சொல்ல அவங்க வர மாட்டாங்க."

"யாரும்மா நீங்க? அந்தாண்ட போங்க. ஏய், யாருய்யா இவங்கள உள்ள உட்டது?"

"தோப்பு கேஸ்ல செத்தாரே வால்டர், அவரோட வீட்டுக்காரி."

இன்ஸ்பெக்டர் ஒலிபெருக்கியை இறக்கினார்.

"அதுல எங்க ஆளு ஒருத்தரும் செத்தாரு. தெரியும்ல?"

"தெரியும் சார். அவர் பேரும் தெரியும். வருஷா வருஷம் ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் பூசை வைக்கிறேன்."

அவர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். குரல் இறங்கிவிட்டது. "சொல்லுங்கம்மா."

ஜொவிட்டா கை விதியைச் சொன்னார். அவர் பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு, "நியாயம்தான். ஆனா என் பசங்க காலைலேர்ந்து டென்ஷன்ல நிக்கிறானுங்க. ஒருத்தன் கைய தொங்கப் போட்டுக்கினு வந்து டக்குனு பின்னால கொண்டுபோனான்னு வைங்க, சுட்டுருவானுங்க. எனக்கும் அவன் உயிர் முக்கியம்மா. கை தெரியணும்" என்றார்.

"தெரியணும். மேலதான் இருக்கணுமா?"

"தெரிஞ்சா போதும். முன்னால நீட்டினாலும் சரி. ஆனா பயத்துல நீட்டின கை நீட்டினபடியே நிக்காதே. எதையாவது புடிச்சிக்கினு இருந்தா தேவல. பையி, மூட்டை எதுவும் ஆகாது. அதுக்குள்ள இன்னா கீதுன்னு எவனுக்குத் தெரியும்?"

ஜொவிட்டா ஃபோனை எடுத்து அண்ணாச்சியைக் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, ஆர்கன்சா சேலை கொஞ்சம் வேணும். அந்தப் பக்கம் இருக்கிறது தெரியற மாதிரி மெல்லிசா."

"யம்மா, அங்க துப்பாக்கி பிடிச்சிட்டு நிக்கானுவோ, நீ சேல கேக்கியே!" விஷயத்தைக் கேட்டதும் அண்ணாச்சியின் குரல் மாறியது. "ரெண்டு வருசமா விக்காத கிளிப்பச்சையும் ஆரஞ்சும் கெடக்கு. அம்புட்டையும் அள்ளிட்டுப் போகச் சொல்லு. சேல திரும்பி வராட்டியும் போகுது, பிள்ளையக் கூட்டிட்டு வா."

அஃப்ரா ஸ்கூட்டியைத் திருப்பிக்கொண்டு பறந்தாள். அவள் கட்டோடு திரும்பியதும் இன்ஸ்பெக்டர் ஒரு சேலையைப் பிரித்து வெயிலில் பிடித்து, அதற்குப் பின்னால் தன் கையை விரித்துப் பார்த்தார். ஐந்து விரலும் ரேகையும் தெரிந்தன. ஒரு தலையாட்டல். அவ்வளவுதான், ஜொவிட்டா கேட்டை நோக்கி நடந்தார்.

கேட்டுக்கும் வீட்டுப் படிக்கும் நடுவில் ஒரு சேலை நீளத்துக்கு மேல் போகாத முற்றம். படிக்கு மேலே சிலிண்டர்கள். ஜன்னலுக்குப் பின்னால் ஸ்ரீரங்கன். இப்போது கூட்டத்தின் தலைவர். முன்னே மந்தைவெளியில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவர். ஜொவிட்டாவைப் பார்த்ததும் கொதித்துவிட்டார்.

"வந்துட்டியா? போலீஸைக் கூட்டிண்டு வந்துட்டியா? ஆம்படையான் பிணம் ஆறதுக்குள்ள கையைத் தூக்கிண்டு போனவதானே நீ!"

"ஆமா, தூக்கினேன்."

"வெக்கமா இல்லையா? இந்தாத்துல வால்டர் படத்துக்கு முன்னாடிதான் தினம் விளக்கேத்தறோம். தூக்க மாட்டேன்னு மார்பைக் காட்டி நின்னான்! சாட்சி சொல்லிட்டுச் செத்தான்!"

ஜொவிட்டா கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லாததை, எதிர் மாடிகளில் அத்தனை ஃபோன்கள் படம் பிடிக்க, கத்திச் சொன்னார்.

"வால்டர் சாட்சி சொல்லப் போகல, மாமா. உள்ள பிள்ளைங்களுக்குப் பால் இல்ல. பால் கேக்கத்தான் போனாரு. விதிக்காகக் கையைத் தூக்கல, சரிதான். ஆனா மார்பைக் காட்டி நிக்கல. நடக்கும்போது லுங்கி நழுவிச்சு. புடிச்சாரு. இடுப்புக்குக் கை போச்சு, அங்க எதையோ எடுக்கறாருன்னு சுட்டுட்டாங்க. நான் கதவுக்குப் பின்னால நின்னு பாத்தேன். லுங்கியைப் புடிச்ச கையோடதான் விழுந்தாரு. அந்த மனுஷன் சாகணும்னு நினைக்கவே இல்ல. திரும்பி வந்து டீ போடறேன்னு சொல்லிட்டுப் போனாரு."

ஜன்னலில் ஸ்ரீரங்கன் திரும்பி, உள்ளே இருந்த வால்டர் படத்தைப் பார்த்தார்.

அப்போது பின்னாலிருந்து இன்ஸ்பெக்டரின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது. காலையிலிருந்து சொன்ன வாசகம் அல்ல. "உள்ள இருக்கிறவங்களுக்குச் சொல்றேன். யாரும் கையைத் தூக்க வேணாம். தூக்காமலே வாங்க. அந்தம்மா சொல்ற மாதிரி வாங்க, ஒருத்தரும் சுட மாட்டாங்க. நான் இங்க முன்னால நிக்கிறேன்."

"இன்னா சார், கெஞ்சிக்கினு கீறீங்கோ?" என்று ஒரு மாடியிலிருந்து எவனோ கத்தினான்.

"மூடிக்கினு உள்ள போடா, நைனா!" என்று அஃப்ரா இங்கிருந்தே கத்தினாள். சொன்னபடி இன்ஸ்பெக்டர் நாலு அடி முன்னால் வந்து, கேட்டுக்குப் பக்கத்தில் நின்றார்.

ஜொவிட்டா கேட்டைத் திறந்தார். கிளிப்பச்சைச் சேலையின் ஒரு நுனியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கவுண்டரில் வாடிக்கையாளர் முன்னால் விசிறுவது போல ஒரே வீச்சாக முற்றத்தில் விசிறினார். மெல்லிய துணி காற்றில் மிதந்து, மறுமுனை படிக்கட்டுக்குப் பக்கத்தில் மண்ணை நோக்கி இறங்கியது.

"பிரியா! சேலை கீழ விழுது பாரு!"

கடைப் பெண்களுக்கு மட்டும்தான் இது புரியும். புதுச் சேலை தரையில் பட்டால் அன்றைக்கு முழுக்கத் திட்டு விழும். முதல் வாரத்திலேயே அது உடம்பில் ஏறிவிடும். சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் கை தானாகப் பாயும். கதவு திறந்தது. இரண்டு சிலிண்டர்களுக்கு நடுவில் ஷண்முகப்ரியா ஓடி வந்து, மண்ணைத் தொடுவதற்கு முன்னால் அந்த முனையைப் பிடித்தேவிட்டாள்!

போலீஸ்காரர்கள் துப்பாக்கியை நிமிர்த்தினார்கள். இன்ஸ்பெக்டர் திரும்பாமலே உள்ளங்கையைக் கீழ்நோக்கி அமர்த்தினார். துணிக்கு அந்தப் பக்கம் அவளுடைய இரண்டு கையும் பளிச்சென்று தெரிந்தன. பிடித்த பிறகுதான் தான் எங்கே நிற்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது.

"யக்கா, பயமா இருக்குக்கா."

"எனக்கும்தான். ஓரத்தை ஓரத்தோட சேரு. முதல் மடிப்பு."

அவள் சேர்த்தாள். சேலை நீளவாக்கில் பாதி அகலமானது.

"நுனியை என்கிட்ட கொண்டா."

ஒரு சேலையை மடிக்க இரண்டு பேர் வேண்டும். மடிக்க மடிக்க அவர்கள் ஒருவரை நோக்கி ஒருவர் நடந்தே ஆக வேண்டும், வேறு வழியே இல்லை. அவள் படியை விட்டு இறங்கினாள். முற்றத்தின் நடுவுக்கு வந்தாள். ஜொவிட்டா இருந்த இடத்திலிருந்து அவளை எதிர்கொண்டு போனார். இரண்டு நுனியும் சேர்ந்தபோது இரண்டு பேர் விரல்களும் சேர்ந்தன. ஷண்முகப்ரியாவின் விரல்கள் ஐஸ் மாதிரி இருந்தன. ஜொவிட்டா அவளைக் கேட்டுக்கு வெளியே கொண்டுவந்து அஃப்ராவின் கையில் கொடுத்தார்.

பிறகு அடுத்த சேலை. அதை ஒரு கல்லூரிப் பையன் வந்து பிடித்தான். அதற்கப்புறம் ஜொவிட்டா படியில் வைத்த சேலைகளை எடுத்து, உள்ளே இருந்தவர்களே ஜோடி ஜோடியாக, இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு, நடுவில் ஆரஞ்சும் பச்சையும் தொங்க வந்தார்கள். ஒரு கைகூடத் தலைக்கு மேலே போகவில்லை. ஒரு கைகூட மறையவும் இல்லை. எதிர் மாடியில் யாரோ கை தட்ட ஆரம்பித்தார்கள்.

கடைசியில் ஸ்ரீரங்கன் மட்டும் மீந்தார். கதவருகில் ஒரு முனையை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றார். மறுமுனை பிடிக்க உள்ளே ஆளில்லை. ஜொவிட்டா அடி எடுத்து வைப்பதற்குள் இன்ஸ்பெக்டர் போய்விட்டார். ஒலிபெருக்கியை மதில்மேல் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் மறுமுனையைத் தூக்கிப் பிடித்தார்.

"வாங்க பெரியவரே."

"நேக்கு மடிக்கத் தெரியாது" என்றார் ஸ்ரீரங்கன்.

"எனக்கும்தான் தெரியாது. வாங்க, பாத்துக்கலாம்."

"சார், முறுக்கிக்கிச்சு பாருங்க! உங்க பக்கம் திருப்புங்க, அய்ய, அந்தப் பக்கம் இல்ல!" என்று அஃப்ரா வெளியிலிருந்து தலையில் அடித்துக்கொண்டாள். துப்பாக்கி பிடித்திருந்த ஒரு பையன் சிரித்தேவிட்டான். முறுக்கிய சேலையின் இரண்டு முனையையும் பிடித்தபடி இரண்டு ஆண்களும் தத்தித் தத்திக் கேட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கே ஸ்ரீரங்கனைக் கைது செய்தார்கள். அவர் எதிர்க்கவில்லை. "உள்ளே அந்த அம்மாளைக் கொஞ்சம் மெதுவாத் தூக்கச் சொல்லுங்கோ" என்று மட்டும் கேட்டார். மெதுவாகத்தான் தூக்கினார்கள். வேன் வந்து உடலைக் கொண்டுபோனபோது தெருவில் நின்றவர்கள் செருப்பைக் கழற்றினார்கள்.

ஷண்முகப்ரியா ஆம்புலன்ஸின் பின்படியில் உட்கார்ந்திருந்தாள். ஜொவிட்டா பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"என்னை ஏமாத்திட்டிய."

"ஆமா. ஏமாத்தினேன்."

"அந்தச் சேல விழுந்தா விழட்டும்னு விட்டிருப்பேன். கை கேக்கல." அவளுக்கு அழுகை முட்டியது. "எங்க அம்மா செத்தப்ப அவங்கதான்க்கா வந்தாங்க. வேற யாரு வந்தா?"

"யாரும் வரல. எனக்கும் அப்படித்தான் பிரியா. அவங்க உக்காந்தது பொய் இல்ல. அதுக்கப்புறம் சொன்னதுதான் தப்பு." ஜொவிட்டா அவள் தலையைத் தொடவில்லை, தோளைத் தொடவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தார். "நான் எங்கயும் போகல. இங்கதான் உக்காந்திருக்கேன். அழறதுன்னா அழு, திட்றதுன்னா திட்டு."

அவள் இரண்டையும் செய்தாள். தென்காசித் திட்டு! நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அஃப்ரா சேலைகளை ஒவ்வொன்றாக உதறிக் கட்டிக்கொண்டிருந்தாள். ஆற்றுப் பக்கம் வெயில் சாய ஆரம்பித்தது. ஜொவிட்டா எழுந்திருக்கவில்லை.

வெகுநேரம் கழித்து ஷண்முகப்ரியா மூக்கை உறிஞ்சினாள்.

"யக்கா, மூணு நாளா உபவாசம். பசிக்கி."

போலீஸ்காரர்களுக்கு வந்த தக்காளி சாதப் பொட்டலம் ஒன்றை இன்ஸ்பெக்டர் சுரேஷ்குமாரே எடுத்துவந்து கொடுத்தார். அவள் கேஸ் சிலிண்டர்களையும் ஜீப்புகளையும் பார்த்துக்கொண்டே வேகவேகமாக அள்ளிச் சாப்பிட்டாள். பொட்டலத்தைத் துடைத்துவிட்டு, தயங்கித் தயங்கி நிமிர்ந்தாள்.

"இன்னொன்னு கேட்டா தருவாவளா?"

ஜொவிட்டா அப்போதே எழுந்து நடந்துகொண்டிருந்தார்.